ஈப்பிடிப்பானின் மஞ்சள் கால்

டொக்டர் குணநாயகம், அந்த ஈப்பிடிப்பானின் கால்களை நீங்கள் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னது பொய்.

சில வாரங்களுக்கு முன் இதே பத்திரிகையில் உங்கள் பேட்டி வந்தது. யுத்த காலத்திலும் பறவைகளைத் தேடித் திரிந்த பல் வைத்தியர் என்று உங்களை எழுதியிருந்தார்கள். வெள்ளவத்தைக் கால்வாயோரத்து மூங்கிலில், கொழும்பில் ஒருவரும் எதிர்பார்க்காத பழுப்பு நெஞ்சு ஈப்பிடிப்பானைக் கண்டதாகச் சொல்லியிருந்தீர்கள். பாலத்தில் நின்று அதன் மஞ்சள் கால்களைப் பார்த்து இனத்தை உறுதிசெய்தீர்களாம். பக்கத்தில் உங்கள் படம். நரைத்த தலை. கழுத்தில் விலையான பைனாகுலர். சிரிப்பு.

அதை வாசித்தபோது எனக்கு முதலில் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. முகம் சுட்டது. வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. இருந்தும் பத்திரிகையை மடித்துக் குப்புற வைத்தேன்.

இந்த வாரம் என் பத்தியில், துறைமுக வாசலில் என் அப்பா ஒரு கப்பற்காரனிடம் ஏமாந்த பகிடியை எழுதுவதாக இருந்தேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பகிடி எங்கும் ஓடிப்போகாது.

மதிலோரம்

கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்து ஊரெல்லாம் கரி படிந்ததே, அதற்கு அடுத்த வருடமோ அதற்கும் அடுத்ததோ. தை பிறந்து சில நாட்கள் இருக்கும். விடிந்து, பாடசாலைப் பிள்ளைகள் இன்னும் தெருவுக்கு வராத நேரம்.

வெள்ளவத்தைக் கால்வாயின் இந்தப் பக்கக் கரையில் ஓர் உடைந்த மதில் இருந்தது. அதோடு ஒட்டி நின்றேன். தண்ணீர் கறுத்துக் கிடந்தது. யாரோ துணி துவைத்த சவர்க்கார நுரை அதன்மேல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பேக்கரியில் பாண் வேகும் மணம். அக்கரையில் ஒரு மூங்கில் புதர். மூங்கிலுக்கும் பாலத்துக்கும் இடையில் இராணுவத்தின் காவலரண். தார் பீப்பாய், மணல் மூட்டை, மேலே தென்னோலை. ஒரு சிப்பாய் வெளியே வந்து கோப்பையை அலசி ஊற்றிவிட்டு உள்ளே போனான்.

என் தோளில் ஒரு துணிப்பை. மேலே ஜெபப் புத்தகம். அதற்குக் கீழே ஒரு கட்டு முருங்கையிலை. அதற்கும் கீழே பைனாகுலர்.

மூங்கிலின் தாழ்ந்த கொப்பிலிருந்து ஒரு சின்னப் பறவை பாய்ந்தது. காற்றில் எதையோ கவ்வியது. திரும்பி வந்து அதே கொப்பில் இருந்தது.

ஈப்பிடிப்பான் எல்லாவற்றுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஒரு கொப்பைப் பிடித்ததென்றால் அங்கேயிருந்து பாயும், அங்கேயே திரும்பும். பார்க்கிறவருக்கு அது வசதி. பைனாகுலர் கண்ணாடியை அந்தக் கொப்பில் நிறுத்தி அசையாமல் காத்திருந்தால் போதும். பறவை தானாக வந்து கண்ணுக்குள் உட்காரும்.

நான் பைக்குள் கையை விட்டேன்.

அந்தக் கை அங்கேயே இருக்கட்டும். கண்ணாடியின் கதையை முதலில் சொல்ல வேண்டும்.

அப்பாவின் கண்ணாடி

அப்பா துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற கிளாக்கர். ஒரு கிரேக்கக் கப்பலின் மாலுமி ஊருக்குத் திரும்பும்போது அப்பாவுக்குக் கொடுத்த பைனாகுலர் அது. இரும்புபோலப் பாரம். ஒரு பக்கக் கண்ணில் உள்ளே கீறல். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று அப்பா கப்பல் பார்ப்பார். எந்தக் கப்பல் வெளியில் காத்து நிற்கிறது, எது உள்ளே வருகிறது என்று பார்த்தால் மறுநாள் வேலை இருக்குமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அப்பா செத்த பிறகு அது என் கைக்கு வந்தது. எனக்குக் கப்பலில் வேலையில்லை. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கம்பெனியில் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தேன். கப்பலை நான் பார்த்ததில்லை, கப்பற்காரரின் குரல்களைத்தான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் நின்று மாதா கோயில் வளவு மரங்களைப் பார்ப்பேன். முதலில் காகம், பருந்து. பிறகு காகமும் பருந்தும் இல்லாதவை. பிறகு பைத்தியம் பிடித்துவிட்டது.

அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண் பைனாகுலரோடு தெருவில் நடப்பது என்றால் என்ன என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லி விளங்காது. அதனால்தான் முருங்கையிலை. அதனால்தான் ஜெபப் புத்தகம். சோதனைச் சாவடியில் பையைத் திறந்தால் மாதாவின் படம்தான் முதலில் தெரியும். பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள்.

எதையும் எழுதி வைக்கவும் மாட்டேன். இந்த இடம், இந்த நேரம், இத்தனை என்று எழுதிய தாள் என் பையில் இருந்து, அதைப் படிக்கிறவன் அது பறவைதான் என்று எப்படி நம்புவான்?

அம்மா சொல்வாள், "உங்கப்பன் கப்பல் பாத்தான், நாலு காசு வந்தது. நீ குருவி பாத்து என்னடி வரப்போகுது?"

என்ன வந்தது என்று இப்போது எழுதுகிறேன், அம்மா.

வாய் நிறையப் பஞ்சு

கம்பெனிக்காரருக்குப் பல் பார்க்கும் வைத்தியர் டொக்டர் குணநாயகம். வெள்ளவத்தையில் வீட்டோடு சேர்ந்த கிளினிக். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன்.

முதல் நாள் நாற்காலியில் சாய்த்து, வாயைப் பிளந்து, பஞ்சு அடைத்துவிட்டார். ஊசி விறைக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஜம்பு மரக் கிளையில் ஓர் ஈப்பிடிப்பான் வந்து இருந்தது.

நான் கையை நீட்டி, "ஈ... ஈ..." என்றேன்.

"நோகுதோ?" என்று டொக்டர் பாய்ந்து வந்தார்.

தலையை ஆட்டினேன். மறுபடியும் "ஈ" என்று ஜன்னலைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையிலிருந்த இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"ஈப்பிடிப்பானோ? உமக்கு அது தெரியுமோ?"

அன்று அவருக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கமாட்டேன். கொழும்பில் பறவை பார்க்கிறவர்கள் அப்போது சிலர் இருந்தார்கள். கார் உள்ளவர்கள், காட்டுக்குப் போய்வரப் பயமில்லாதவர்கள். அவர்களுடைய சங்கத்தில் டொக்டரும் இருந்தார். ஆனால் பறவையைப் பற்றித் தமிழில் கதைக்க அவருக்கு ஆளில்லை. எனக்கு எந்த மொழியிலும் ஆளில்லை. பல் ஒரு சாட்டாகிவிட்டது. நரம்பு எடுக்க வேண்டும், பல தடவை வரவேண்டும் என்றார். எனக்கு நோவு பெரிதாகப் படவில்லை. அங்கே போகிற நாளில் நல்ல சேலை உடுத்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆணென்று நினைத்து உடுக்கவில்லை. என்னை ஒரு ஆளாக மதித்துக் கதைக்கிற இடத்துக்குப் போகிறேன் என்று உடுத்தேன்.

ஒரு நாள் கிளினிக்கிலிருந்து கால்வாய்ப் பக்கமாக நடந்து வரும்போதுதான் மூங்கிலில் அதைக் கண்டேன். மண் நிறம். வெள்ளைத் தொண்டை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். எங்கள் கோயில் வளவுக்கு வருஷா வருஷம் வரும் சாதாரண பழுப்பு ஈப்பிடிப்பான் என்றுதான் நினைத்தேன். ஆனால் நெஞ்சில் பழுப்பு கூடுதல். இருப்பும் வேறு. அது வெளிச்சமான கொப்பில் இருக்கும். இது இருட்டுக்குள் ஒதுங்கி இருந்தது.

அடுத்த முறை டொக்டரிடம் சொன்னேன்.

"கால் என்ன நிறம்?" என்றார் உடனே.

"பாக்கேல்ல டொக்டர். இருட்டு."

"மற்றதெல்லாம் பார்த்து என்ன பிரயோசனம்? கால் கறுப்பெண்டால் உம்மட கோயில் குருவி. வெளிறின மஞ்சளெண்டால் பழுப்பு நெஞ்சு. அது மலைநாட்டுக் காட்டுக்குள்ள போய் ஒதுங்கிற சாமான். கொழும்பில அதைக் கண்டனான் எண்டு சொன்னால் சங்கத்தில சிரிப்பினம். கால் பார்த்துக்கொண்டு வாரும்."

"அங்க ஆமி சென்றி இருக்கு டொக்டர். மூங்கிலுக்குப் பக்கத்திலயே."

"காலமை வெள்ளனப் போம். வெயில் சரிஞ்சு விழேக்க கால் தெரியும். ஒண்டும் நடவாது. ஆரும் கேட்டால் என்ர பேரைச் சொல்லும்."

*என்ர பேரைச் சொல்லும்.* இதை அவர் சொன்னார். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, கை கழுவிக்கொண்டு சொன்னார்.

அதே நாளில்தான் இன்னொன்றும் சொன்னார். அந்தப் பறவையின் லத்தீன் பெயரில் ஒரு தமிழனின் பெயர் ஒட்டியிருக்கிறதாம். வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணப் பக்கம் ஒரு துரை பறவைகள் சேர்த்தான். அவனுக்குச் சமைத்துப் போட்டவன் தேடிக் கொண்டுவந்து கொடுத்த பறவை இது. துரை அதற்குச் சமையற்காரனின் பெயரையே வைத்துவிட்டான்.

"குசினிக்காரன்ர பேர், பாரும்!" என்று டொக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். கண்டது யார் என்பதை ஒருவன் மறக்காமல் எழுதியிருக்கிறான் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

வெயில் சரிந்து விழுந்தபோது

இனி மதிலுக்கு வருவோம்.

கண்ணாடியை எடுத்தேன். கொப்பில் நிறுத்தினேன். முழங்கைகளை மதிலில் ஊன்றிக்கொண்டேன். பறவை போவதும் வருவதுமாக இருந்தது. அலகின் கீழ்ப்பாதி முழுக்க மஞ்சள். நல்லது. ஆனால் வயிற்று இறகு கால்களை மூடியிருந்தது. காத்திருந்தேன். பேக்கரி மணம் போய்க் கால்வாய் நாற்றம் வந்தது. என் கண்ணில் நீர் வடிந்தது. துடைத்தால் கண்ணாடி அசையும் என்று துடைக்கவில்லை.

மூங்கிலின் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கொப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் உள்ளது மறந்துபோகும். அக்கரையிலிருந்து பார்த்த சிப்பாய்க்கு அந்தக் கொப்பு தெரியுமா? ஒரு பெண் காவலரணை நோக்கிக் கண்ணாடியைப் பிடித்து, அசையாமல், வெகுநேரமாக நிற்கிறாள். அவனுக்குத் தெரிந்தது அதுதான்.

வெயில் மூங்கிலுக்குள் இறங்கியது. பறவை ஒரு பூச்சியோடு திரும்பி வந்து, கொப்பில் குறுக்காக உட்கார்ந்து, உடம்பை நிமிர்த்தியது. கால் தெரிந்தது.

மஞ்சள். வெளிறிய, பழுத்த வாழையிலையின் நரம்பு மாதிரி ஒரு மஞ்சள்.

அந்தக் காலில் இன்னொன்றையும் கண்டேன். அது என்ன என்று இங்கே எழுதமாட்டேன். ஏன் என்று முடிவில் சொல்கிறேன்.

என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அந்தச் சந்தோஷம் முடியும் முன்னே ஒரு கை என் தலைமயிரைப் பிடித்தது.

கத்திக் காட்டு

சிப்பாய்கள் என்னைக் கொண்டுபோய்ப் பொலிஸில் ஒப்படைத்தார்கள். எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுதவில்லை. அங்கே இருந்தவர்களோடு எனக்கு இப்போது வழக்கில்லை.

மேசையின் மேல் முருங்கையிலை, ஜெபப் புத்தகம், பைனாகுலர், அடையாள அட்டை. சிங்களத்தில்தான் கேட்டார்கள். நானும் சிங்களத்தில்தான் சொன்னேன். தமிழில் எழுதுகிறேன்.

"கொட்டாஞ்சேனைக்காரிக்கு வெள்ளவத்தையில என்ன வேலை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"குருவி பாக்க வந்தன், சேர்."

"என்ன குருவி? ரெதி ஹொராவா?"

ரெதி ஹொரா என்றால் துணித் திருடன். வெள்ளைத் துணியை இழுத்துக்கொண்டு பறப்பதுபோல நீண்ட வால் உள்ள ஒரு பறவைக்குச் சிங்களத்தில் அந்தப் பெயர். இன்ஸ்பெக்டர் எங்கோ மரங்களுள்ள ஊரில் வளர்ந்தவராக இருக்க வேண்டும். அந்தப் பெயரைச் சொன்னபோது முகம் கொஞ்சம் இளகியது. "ஓம் சேர், ரெதி ஹொராதான்" என்று சொல்லியிருந்தால் அப்போதே விட்டிருப்பாரோ என்னவோ. நான் சரியான பதிலைச் சொன்னேன்.

"இல்ல சேர். இது சின்னது. மண் நிறம். நீள வால் இல்ல."

"மண் நிறக் குருவிக்கு இவ்வளவு பெரிய கண்ணாடியா?"

"அதின்ட கால் பாக்கத்தான், சேர்."

"கால்?" அவர் மற்றவர்களைப் பார்த்தார். "குருவியின்ட கால் பாக்கவா இரண்டு பஸ் ஏறி வந்தாய்? என்ட கால் போதாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னைச் சோதனை செய்த பெண் கான்ஸ்டபிளும் சிரித்தாள்.

"சரி. குருவிக்காரிதானே. அது எப்படிக் கத்தும்? கத்திக் காட்டு."

அந்தப் பறவை இங்கே வந்து இருக்கும் மாதங்களில் பெரிதாகக் கத்தாது. மெல்லிய ஒரு சத்தம். அதைச் செய்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன். உதட்டைக் குவித்து "ச்சி... ச்சி..." என்றேன்.

"கேக்கேல்ல. இன்னொருக்கா."

செய்தேன். பக்கத்து அறையிலிருந்தவர்களையும் கூப்பிட்டார்கள். அவர்களுக்காகவும் செய்தேன். ஒருவன் கைகளைச் சிறகுபோல அடித்துக் காட்டி, இதையும் செய் என்றான்.

செய்தேன்.

முப்பது வயதைக் கடந்தவள். வேலைக்குப் போவதற்காகச் சேலையில் ஊசி குத்தி, தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டு புறப்பட்டவள். கைகளை அடித்து அடித்து ச்சி ச்சி என்றேன். அவர்கள் என்னை அடித்திருந்தால் நான் இதைக் கோபத்தோடு எழுதியிருப்பேன். அடிக்கவில்லை. சிரித்தார்கள். அதனால் இத்தனை வருடமும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

தொலைபேசி

"யார் சொல்லி வந்தாய்?" என்று கடைசியில் கேட்டார்.

எனக்கு உயிர் வந்தது. "டொக்டர் குணநாயகம், சேர். பல் டொக்டர். அவருக்கு என்னைத் தெரியும். பறவையைத் தெரியும். அவர்தான் கால் பாக்கச் சொன்னார்." நம்பரை மனப்பாடமாகச் சொன்னேன். அது என் தொழில்.

இன்ஸ்பெக்டர் எடுத்தார். ரிசீவரில் சத்தம் பலமாக வந்தது போலிருக்கிறது. காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

நான் பகல் முழுக்கக் குரல்களோடு வாழ்ந்தவள். பெயர் சொல்லாமல் எடுத்தாலும் யார் என்று எனக்குத் தெரியும். அது உங்கள் குரல், டொக்டர். முதலில் இங்கிலீஷில் வணக்கம் சொன்னீர்கள். பொலிஸ் என்றதும் சிங்களத்துக்கு மாறினீர்கள். என் பெயரையும் கொட்டாஞ்சேனையையும் கம்பெனியையும் இன்ஸ்பெக்டர் சொன்னார். மூங்கிலில் பறவை பார்க்கச் சொன்னீர்களா என்று கேட்டார்.

"நே, நே. மங் எஹெம கெனெக் தன்னே நே."

இல்லை, இல்லை. அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது.

பறவை பற்றியும் கேட்டார். பல் பிடுங்கவே நேரமில்லை, பறவைக்கு எங்கே நேரம் என்று சொல்லி மரியாதையாகச் சிரித்தீர்கள்.

இன்ஸ்பெக்டர் ரிசீவரை வைத்தார். அதன் பிறகு அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

நியாயமாகவும் எழுத வேண்டும். டொக்டருக்கு அப்போது வளர்ந்த ஒரு மகன் இருந்தான். அந்த வயதுப் பையன்களைத் தெருவில் ஏற்றிக்கொண்டு போன காலம். தமிழ் வீட்டுக்குப் பொலிஸ் டெலிபோன் வந்தால் நெஞ்சு நிற்கும். எனக்கும் நின்றிருக்கும். அந்த "தெரியாது" பயத்தில் வந்த சொல். அதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

குமாரி வந்தாள்

அடுத்து கம்பெனிக்கு டெலிபோன் அடித்தார்கள். சுவிட்ச்போர்ட்டில் என்னோடு வேலை செய்யும் குமாரிதான் எடுத்தாள். சிங்களப் பிள்ளை, ராகமைப் பக்கம். அரைமணிக்குள் கம்பெனி வாகனத்தில் வந்து இறங்கினாள். மனேஜரிடம் கேட்டாளோ கேட்கவில்லையோ, போர்டை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். கப்பற்காரர்கள் அன்று யாரோடும் பேச முடியாமல் கத்தியிருப்பார்கள்.

இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கும் முன்னே தொடங்கினாள்.

"மேகிட்ட தியென்னே குருலு பிஸ்ஸுவக், சேர்!"

இவளுக்கு இருப்பது குருவிப் பைத்தியம் என்றாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலோரம் நின்று பருந்துக்குப் பெயர் வைக்கிறவள், இவளிடம் போய்ச் சங்கதி விசாரிக்கிறீர்களே, உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்றாள். இவளைப் பிடித்து வைத்தால் கம்பெனி டெலிபோனுக்கு நீங்கள் வந்து இருப்பீர்களா என்றாள். என் பக்கம் திரும்பி, "பிஸ்ஸி! கோழி பாத்தா போதாதா உனக்கு?" என்று எனக்கும் ஒன்று கொடுத்தாள்.

குமாரிக்குப் பறவையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. என்னைத் தெரியும் என்றாள். அது போதுமாக இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு விட்டார்கள். அப்பாவின் கண்ணாடியைக் கொடுக்கவில்லை. கேட்டேன். "குருவி கொண்டுபோய்ட்டுது" என்றான் ஒருவன். முருங்கையிலையைத் தந்தார்கள்.

அதற்குள் முகவரி சரிதானா என்று பார்க்க எங்கள் குறுகிய ஒழுங்கைக்குப் பொலிஸ் ஜீப் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ஒழுங்கைச் சனம் முழுக்க வாசல்களில் நின்றது. பல் காட்டிவிட்டு வேலைக்குப் போவதாகத்தான் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

"பல்லுப் பாக்கப் போனவளை ஏனடி பொலிஸ் பிடிச்சது?" என்று அம்மா அழுதாள். "எந்தப் பல்லைக் காட்டினாய்?"

குருவிக் கால் பார்த்த கதையை ஜீப்பில் வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு எனக்குப் பெயர் குருவி. தண்ணீர்க் குழாயடியில், "என்ன குருவி, இண்டைக்கு ஆமிக்காரன்ட கால் என்ன நிறம்?" என்பார்கள். நான் சிரித்துக்கொண்டு வாளியை எடுத்துக்கொண்டு வருவேன். வேறு என்ன செய்வது?

அதே நாற்காலி

இனித்தான் எனக்கு மிகவும் வெட்கமான பகுதி.

என் பல் பாதியில் நின்றது. நரம்பை எடுத்து, தற்காலிகமாக அடைத்து வைத்திருந்தார். அடைப்பு கழன்றுவிட்டது. அரை முகம் வீங்கியது. கம்பெனிக்கு வேறு பல் டொக்டர் இல்லை. இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்தேன். பிறகு போனேன்.

நல்ல சேலை உடுக்கவில்லை.

நாற்காலியில் சாய்ந்தேன். டொக்டர் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தார். நானும் ஜம்பு மரத்தைப் பார்த்தேன். ஊசி போட்டார். நேர்ஸை ஏதோ எடுத்துவர அனுப்பினார். அறையில் நாங்கள் இருவர்தான்.

இப்போது சொல்லுவார் என்று நினைத்தேன். மன்னித்துக்கொள்ளும் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளை, பயந்துபோனன் என்று சொன்னால் போதும். நீர் சுகமோ என்று கேட்டால்கூடப் போதும்.

குனிந்து, காதோடு, மெதுவாகக் கேட்டார்.

"கால் என்ன நிறம்?"

வாசகர்களே, நான் எழுந்து போயிருக்க வேண்டும். அவருடைய தட்டைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். வாயில் ஒன்றும் அடைத்திருக்கவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கலாம். என்னைத் தெரியாது என்றவருக்கு நான் பார்த்தது எதற்கு என்று கேட்டிருக்கலாம்.

"மஞ்சள்" என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்தது. "வெளிறின மஞ்சளோ?"

"ஓம் டொக்டர்."

"கீழ் அலகு?"

"முழுக்க மஞ்சள்."

"அப்ப அதுதான்!" என்றார். "ஐயோ, அதுதான்! வாயைத் திறவும்."

திறந்தேன். வேலை முடிந்தது. கிளம்பும்போது "தாங்க்ஸ் டொக்டர்" என்று சொன்னேன். படிக்கட்டில் இறங்கும்போது, என் வாய்தான் அதைச் சொன்னதா என்று விறைத்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. காலில் கண்ட மற்றதை. அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அது ஒன்றுதான் என்னிடம் மிஞ்சியது. அதற்குப் பிறகு நான் பறவை பார்க்கப் போகவில்லை. சேலையில் ஊசி குத்தும்போதெல்லாம் கைகளைச் சிறகுபோல அடித்தது ஞாபகம் வரும்.

பதில் எழுதுங்கள்

டொக்டர், நீங்கள் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறீர்கள். மகன் வெளிநாட்டில் நன்றாக இருப்பதாகப் பேட்டியில் சொன்னீர்கள். சந்தோஷம். யுத்தம் முடிந்துவிட்டது. காவலரண் இருந்த இடத்தில் இப்போது நடைபாதை. இனி உங்களுக்கு எந்தப் பொலிஸும் டெலிபோன் எடுக்கப்போவதில்லை. அன்று என்னைத் தெரியாது என்றதற்குப் பயத்தைக் காரணம் சொல்லலாம். இன்று நான்தான் பார்த்தேன் என்பதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

பாலத்தில் நின்று பார்த்தேன் என்றீர்கள். பாலத்திலிருந்து அந்த மூங்கில் தெரியாது. காவலரணின் ஓலை மறைக்கும். அங்கே நின்று பார்த்த எவருக்கும் அது மறைவது தெரிந்திருக்கும்.

ஒரு வெள்ளைக்காரன் தன் சமையற்காரனுக்குக் கொடுத்ததை நீங்கள் எனக்குக் கொடுக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லித் தந்ததே நீங்கள்தான்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம். வீட்டுக்கு வர வேண்டாம். ஆள்விட்டுச் சொல்ல வேண்டாம். தனியாகச் சொன்னதெல்லாம் எனக்குப் போதும். காதோடு நீங்கள் ஒருமுறை கேட்டது இன்னும் போகவில்லை.

அந்த ஈப்பிடிப்பானின் காலில் நிறத்தைத் தவிர இன்னொன்றும் இருந்தது. பார்த்த எவரும் அதை மறக்கமாட்டார்கள். அது என்ன என்று இந்தப் பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்தவரென்றால் அதை எழுதுங்கள். பார்க்கவில்லையென்றால், பார்த்தவளின் பெயரை எழுதுங்கள், முழுப் பெயரை. அவளைத் தெரியும் என்றும் எழுதுங்கள். பேட்டி வந்த இதே பத்திரிகையில், உங்கள் படம் வந்த அதே அளவுக்கு, எல்லோரும் வாசிக்க எழுதுங்கள்.

அந்தக் காலில் என்ன இருந்தது, டொக்டர்?